என் மனைவிக்கு ஏற்ற உணவகம்

மலாக்கா மாநகரில் புதிதாகத் திறக்கப்படும் உணவகங்களைப் பற்றி எனக்கு இன்று ஓரளவு அறிவு உண்டு. விரும்பித் தேடிக்கொண்ட அறிவு அன்று அது. என் மனைவியின் மார்பில் தோன்றிய கட்டிக்கு மருத்துவர்கள் முதலில் மருந்து ஏற்றினார்கள். ஐந்தாம் முறை ஏற்றியபின் அவள் நாவில் சுவை அற்றுப்போயிற்று. சோறு, ரசம், இட்டிலி, பால் என எதை வாயில் வைத்தாலும், "தகரத்த நக்கற மாதிரி இருக்குங்க" என்று தட்டை ஒதுக்கிவிடுவாள். உடல் முப்பத்தொன்பது கிலோவாகச் சுருங்கிற்று. அறுவை செய்யவேண்டுமாயின் ஆறு வாரத்துக்குள் நாற்பத்திரண்டைத் தொடவேண்டும் என்றார் மருத்துவர். உறைப்போ புளிப்போ, எது உள்ளே இறங்குகிறதோ அதைக் கொடுங்கள் என்றும் சொன்னார். எதுவும் இறங்கவில்லை என்பதுதான் எங்கள் துன்பம்.

கோலாலம்பூரில் பணிபுரியும் மகள்தான் உணவகங்களின் பட்டியலைக் கைப்பேசியில் அனுப்பத் தொடங்கினாள். "அப்பா, அம்மாவ வீட்டுலயே வெச்சிருந்தா எப்படி வாய் தொறக்கும்? புது எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க லா. மூட் மாறினா வாயும் மாறும்" என்றாள். நாங்கள் குடியிருக்கும் ரெம்பியாவிலிருந்து நகருக்குள் நுழைவதற்குள் எனக்கு முதுகு இற்றுவிடும். கண்பார்வையும் முன்போல் ஒத்துழைப்பதில்லை. ஆயினும் மகளின் சொல்லை மறுக்க என்னிடம் வேறு வழி ஒன்றும் இல்லை.

முதலில் போனது ஆற்றோரத்துப் பழைய கிடங்கு ஒன்றைச் சீர்செய்து திறந்திருந்த காப்பிக்கடை. இருக்கைகள் உயரமானவை, சாய்மானம் அற்றவை. என் மனைவியை இரு கைகளாலும் தாங்கித்தான் அமர்த்தினேன். உணவுப்பட்டியல் என்று ஏதும் இல்லை. மேசைமீது கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சிறு கட்டம் ஒட்டியிருந்தது.

"அங்கிள், அத போன்ல ஸ்கேன் பண்ணுங்க, மெனு வந்துரும்" என்றாள் பரிமாறும் பெண். தமிழ்ப் பெண்தான்.

"நீயே வாயால சொல்லிடேன்மா" என்றாள் என் மனைவி.

"நூறு ஐட்டம் இருக்கு ஆண்ட்டி, நான் செத்தேன்!"

வறுத்த ரொட்டியின்மேல் பச்சைப் பழக்கூழ் பூசி, மரப்பலகையில் வைத்துக் கொணர்ந்தார்கள். என் மனைவி அதை நெடுநேரம் பார்த்தாள். "பாசி புடிச்ச பலகை மாதிரி இருக்கு" என்றாள். ஒரு கடி கடித்தாள். எஞ்சியதை நான் தின்றேன்.

அடுத்த வாரம் சென்றது குளிரூட்டப்பட்ட வாழையிலை உணவகம். வாழையிலை எங்கே என்று பார்த்தால், நெகிழித் தட்டின்மேல் இலையின் படம் அச்சிடப்பட்டிருந்தது. நரம்புகூடத் துல்லியமாக இருந்தது. சோற்றைப் பிசைந்து இரண்டு உருண்டை உண்டதும் அவளுக்குக் குமட்டிற்று. மூன்றாவது கொரிய உணவகம். நான்காவது, மேகத்தைப் போன்ற இனிப்புக் கட்டிகளை விற்கும் இடம். ஒவ்வோரிடத்திலும் வண்டி நிறுத்த அரைமணி, காத்திருக்க அரைமணி, அவள் உண்ணுவதாக நடிக்கக் கால்மணி. மூன்று வாரம் கழிந்தும் எடைப்பொறியில் முந்நூறு கிராம்கூட ஏறவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எந்த உணவகத்தில் அமர்ந்தாலும் நான் முதலில் சொல்லும் சொல், "இவங்களுக்கு மீன் ஆகாது" என்பதே. விருந்து வீடுகளிலும் அவ்வாறே சொல்லி வந்தேன். எட்டாண்டுகளுக்கு முன் எனக்கு இதய அறுவை நடந்து வீடு திரும்பிய காலம் முதல் அவள் மீனைத் தொடுவதில்லை. எனக்குக் குழம்பு வைப்பாள். தான் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு உண்பாள். காரணம் கேட்டதற்கு, "புடிக்கல" என்றாள். அகவை ஏறினால் நா மாறும் என்று நான் நம்பிக்கொண்டேன். முப்பத்தோராண்டுகள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். சாட்சியின் கூற்றில் ஒரு சொல்லைக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. என் மனைவியின் பொருட்டு மட்டும் அவள் சொல்லாததையெல்லாம் ஊர் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது உணவகம் புக்கிட் ரம்பாய்க்கு அப்பால், முன்பு டயர் மாற்றும் கடையாக இருந்த கட்டடம். மலாய்ப் பெண்மணி ஒருவர் நடத்துகிறார், ஐம்பதைக் கடந்தவர். திறப்புவிழாவுக்கு வந்த பூவளையங்கள் வாடியபடி வாயிலிலேயே நின்றிருந்தன. பக்கத்து மேசைக்குச் சட்டியில் அசாம் பெடாஸ் வந்தது. புளியும் மிளகாயும் அரைத்து மீனிட்டுக் கொதிக்கவைக்கும், இவ்வூருக்கே உரிய குழம்பு. ஆவி எங்கள் பக்கம் வீசிற்று. என் மனைவியின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதை நான் கண்டேன். பல வாரங்களாக அவள் எச்சில் விழுங்கிப் பார்த்ததில்லை.

கடைக்காரர் வந்து மலாயில், மீன் ஒரு சட்டி கொண்டுவரட்டுமா என்று கேட்டார். நான் வழக்கம்போல, இவருக்கு ஆகாது என்றேன். அவர் என்னைப் பாராமல் என் மனைவியைப் பார்த்தார்.

"பெத்துல்கா, அன்ட்டி? தா சூக்கா?" உண்மையா, பிடிக்காதா என்று கேட்டார்.

"சூக்கா" என்றாள் என் மனைவி. பிடிக்கும். பின்பு மெல்ல, "தாப்பி சூடா ஜாஞ்சி டெங்ஙான் துஹான்" என்றாள். ஆனால் கடவுளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். சொல்லிவிட்டு விரலை நீட்டி என் மார்பைச் சுட்டினாள். சட்டைக்குள் இருக்கும் தழும்பு அங்கேதான் உள்ளது.

எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. கடைக்காரருக்கும் தேவைப்படவில்லை. அவர் தலையை அசைத்து, அப்படியானால் மீனின்றித் தனிச்சட்டியில் வைத்துத் தருகிறேன், நாளைப் பகல் பதினொன்றுக்கு வாருங்கள், கூட்டம் வருமுன் அடுப்பு ஒழிந்திருக்கும் என்றார். என் மனைவி உடனே, பெலாச்சானும் போடக்கூடாது, அதிலே இறால் இருக்கிறது என்றாள். மீனும் பெலாச்சானும் இன்றி அது வெறும் புளித்தண்ணீர்தானே என்று கடைக்காரர் நொந்துகொண்டார். இருந்தும் வரச்சொன்னார்.

மகிழுந்தில் ஏறியதும் கேட்டேன். "எட்டு வருஷமா ஏன் என்கிட்ட சொல்லல?"

"நேந்துக்கிட்டத வெளிய சொன்னா பலிக்காதுங்க."

"இப்ப அந்தம்மாகிட்ட சொன்னியே?"

"மலாய்லதானே சொன்னேன். முருகனுக்கு எங்க மலாய் தெரியப்போகுது?"

"இத்தன வருஷம் இந்த ஊர்ல கோயில் கொண்டிருக்காரு. கத்துக்காமலா இருப்பாரு?"

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் பிடித்தது. அடங்கியபின் நான் சொன்னேன்: "கோயில் பண்டாரத்தக் கேட்டு வேண்டுதல எறக்கி வெச்சிடலாம். வேற ஏதாச்சும் செஞ்சுக்கலாம். உனக்கு எட ஏறணும்."

"எறக்கி வெச்சு? உங்களுக்கு ஒன்னு ஆச்சுன்னா?"

"எனக்கு என்ன ஆகும்?"

"அதான். ஒன்னும் ஆகல பாருங்க. அத ஏன் போயி நோண்டறீங்க? வண்டிய எடுங்க."

வண்டியைக் கிளப்பினேன். அவளுடைய நோயும் அவளுடைய வேண்டுதலும் ஒரே தட்டில் எனக்கு எதிராக அமர்ந்திருந்தன. என் உயிரின் பொருட்டு அவள் துறந்த ஒன்று, இன்று அவள் உயிருக்குத் தேவைப்பட்டது. இதற்கு எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் பதினொன்றுக்குச் சென்றோம். சிறு மண்சட்டியில் வெண்டைக்காய், தக்காளி, கத்திரி, அவித்த முட்டை இரண்டு. மேலே இஞ்சிப்பூவின் மொக்கைக் கீறிப் போட்டிருந்தார். கடைக்காரர் தாமே ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்து, முகம் சுளித்து, ஏதோ குறைகிறது என்றார். என் மனைவி சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள்.

"தகரம் இல்ல" என்றாள்.

பாதித் தட்டு உண்டாள். பிறகு என்னை முந்திக்கொண்டு, தானே கடைக்காரரை அழைத்து, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். வெளியே போய் நின்று மகளுக்குச் செய்தி சொல்லக் கைப்பேசியை எடுத்தேன். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. அனுப்பாமலே பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அதன்பின் கடை மூடும் திங்கட்கிழமை தவிர எல்லா நாளும் போனோம். வெள்ளிக்கிழமைகளில் முட்டையும் நீங்கும். அன்று கூடுதலாக உருளைக்கிழங்கு. மகள் அனுப்பிய பட்டியல்களை நான் திறந்து பார்க்கவில்லை. "புது எடம் ஒன்னு ஜோங்கர் தெருவுல தொறந்திருக்காங்கப்பா" என்பாள். "பார்க்கலாம்மா" என்பேன். ஒரு சட்டி அசாம் பெடாஸுக்காக அன்றாடம் நாற்பது கிலோமீட்டர் ஓட்டும் கிழவனுக்குப் புதுமை வேண்டியதில்லை. சில நாள் அவள் மூன்று வாயோடு நிறுத்திவிடுவாள். சில நாள் வழியிலேயே வாந்தி எடுப்பாள். நான் துணியை மாற்றிவிட்டு, வண்டியைத் துடைத்துவிட்டு, மீண்டும் கிளப்புவேன்.

ஆறாம் வாரத்து முடிவில் எடை பார்த்தார்கள். செருப்பையும் வளையலையும் கழற்றச் சொன்னாள் செவிலி. "வளையல் இருக்கட்டும்மா, அதுவும் நான்தானே" என்றாள் என் மனைவி. கழற்றித்தான் ஏற வேண்டியிருந்தது. நாற்பத்தொன்றும் அறுநூறு கிராமும் காட்டிற்று பொறி.

இளம் மருத்துவர், தமிழர், அந்த எண்ணைப் பார்த்தபடி பேனாவைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், வெளிய போயி ரெண்டு போத்தல் தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள் அவள்.

அவர் சிரித்துவிட்டார். "வேணாம் ஆண்ட்டி. ரத்தமும் நல்லாத்தான் இருக்கு. இது போதும், செஞ்சிடலாம். ஆனா அதுவரைக்கும் கொறையக்கூடாது, சரியா?"

இன்னும் பன்னிரண்டு நாள் என்று தேதி குறித்துக் கொடுத்தார். வெளியே வந்து மின்தூக்கிக்காக நின்றோம். அவள் என் முழங்கையைப் பிடித்தாள். முன்னைவிடச் சற்று அழுத்தமான பிடிதான். நாளையும் பதினொன்றுக்குப் போகவேண்டும். சாலையில் எங்கோ தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பத்துமணிக்கே கிளம்பினால்தான் சரியாக இருக்கும்.