கலிமாவைச் சொல்லிக்கொண்டு ஏறுங்கள்

அந்தக் குரல் பதிவு ஒரு நிமிடம்கூட வராது. நுரைச்சோலையில் இருக்கும் என் டிக்கட் கடையில், மத்தியானச் சோறு தின்ற களைப்பில், போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு பேசியது.

"அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாருக்குப் புதுப் பிளேன் விட்டிரிக்கி எண்டு சிலபேர் கூவிக் கூவி விக்கிறாங்க. அதுல ஏறுறவங்க கலிமாவச் சொல்லிக்கொண்டு ஏறுங்க. நானாக் கட்டி ஒண்டும் சொல்லல்ல. பேப்பர்ல வந்ததத்தான் சொல்றன்."

சாகும் நேரத்தில் நாவில் இருக்கவேண்டிய வாசகம்தான் கலிமா. ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டு நானே இரண்டு தரம் கேட்டுச் சிரித்தேன். பேப்பரில் வந்தது இவ்வளவுதான்: வேறெங்கோ ஒரு நாட்டில், அதே இனத்துப் புது விமானமொன்று கிளம்பிய சற்று நேரத்தில் ஏதோ எச்சரிக்கை விளக்கு எரிந்ததால் திரும்பி வந்து இறங்கியது. ஒருவருக்கும் காயமில்லை. அந்தக் கடைசி வரியையும் நான் வாசித்தேன். அதை மட்டும் குரூப்பில் சொல்லவில்லை.

"சிலபேர்" என்று நான் சொன்னது ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்துக் கடைக்காரனை. நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பத்து வருஷம் ஒரே கடையில், ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் இருந்து டிக்கட் போட்டவர்கள். பிறகு ஒன்றுமில்லாத ஒரு கதையில் பிரிந்தோம். யாருடைய பிழை என்று கேட்டால் இன்றைக்கும் அவனுடையது என்றுதான் சொல்வேன். அவன் நேர் எதிரே கடை திறந்தான். புது விமானங்களை இறக்கிய கம்பனி எங்கள் பக்கத்து வியாபாரத்தை அவன் கையில் கொடுத்தது. அவன் அந்த விமானத்தின் படத்தைத் தன் கடைக் கண்ணாடியில் ஆளுயரத்துக்கு ஒட்டினான். காலையில் நான் கடையைத் திறந்தால் அதன் மூக்கு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். வயிறெரிந்தது என்பதை இனி மறைத்து என்ன பிரயோசனம்.

என்னிடம் இருந்தது பழைய விமானங்கள் விடும் கம்பனி. வழியில் ஓரிடத்தில் இறங்கி வேறொன்றில் மாறி ஏறவேண்டும். அவனும் சும்மா இருக்கவில்லை. என் விமானங்களில் கதிரைகளைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள் என்றும், வேகம் குறைந்தால் ஆட்களை இறங்கித் தள்ளச் சொல்வார்கள் என்றும் தேத்தண்ணிக் கடையில் சொல்லிவைத்தான். ஊர் இரண்டு பக்கக் கதையையும் கேட்டுச் சிரித்தது.

அவன் கதை தேத்தண்ணிக் கடையோடு நின்றுவிட்டது. என் கதை ஊரைத் தாண்டியது. கண்டக்குழியில் மீன் வாங்கப் போயிருந்தேன். என்னை யாரென்று தெரியாத ஒருவர் என் கதையை எனக்கே சொன்னார். அந்தப் பிளேனின் கண்ணாடி ஆகாயத்தில் வைத்து வெடித்ததாம். அதை ஓட்டியவர் பயந்து வேலையை விட்டுவிட்டாராம். அவர் நீர்கொழும்புக்காரராம். நீர்கொழும்புக்காரரை நான் உண்டாக்கவில்லை. ஆனால் "அப்பிடியா?" என்று கேட்டு, தலையையும் ஆட்டிவிட்டு வந்தேன். எதிர்க்கடையில் ஆள் குறைவதைக் கதிரையில் சாய்ந்திருந்து பார்த்தேன், எனக்கு இனித்தது.

எனக்குக் கூடப்பிறந்தவர் ஒருவர்தான், மூத்தவர், ராத்தா. மச்சான், அவர் புருஷன், மௌத்தாகி அடக்கிப் பல வருஷம். ராத்தாவுக்கு ஒரே மகன், கட்டாரில் ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை. மூன்று வருஷமாக அவனைப் போனில் மட்டும்தான் பார்த்தார். ராத்தாவுக்கு ஈரலில் வருத்தம் வந்து, சிலாபம் ஆஸ்பத்திரியில் கிடந்து, கடைசியில் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கு விளங்கியது. ராத்தாவுக்கும் விளங்கியது. "மகன்ட மொகத்த ஒருக்காப் பாத்தாப் போதும்" என்றார். அதற்குப் பிறகு வேறொன்றும் அவர் கேட்கவில்லை.

ராத்தாவின் மகனுக்கு, என் மருமகனுக்கு, லீவு கிடைத்த அன்று மாலை, நாலு வருஷத்துக்குப் பிறகு எதிர்க்கடைக்காரன் ரோட்டைக் கடந்து என் கடைக்கு வந்தான். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றான்.

"மச்சான், ராத்தாட மகனுக்கு நாளைய பிளேன்ல ஒரு சீட் புடிச்சி வெச்சிரிக்கன். அவன்ட ரூம்காரனும் அதுலதான் வாரான். நேரா வாற பிளேன். விடியச் சுபஹோட கட்டுநாயக்கா ஏர்போட்டுல எறங்கினா, பகல் பத்து மணிக்கி ஊட்டுல. நம்மட சண்டயப் பொறகு புடிப்பம்."

அந்த நேரம் எனக்கு அவன்மேல் கோபமே இருக்கவில்லை. "வா, ராத்தாக்கிட்டச் சொல்லுவம்" என்று அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட நாட்களில் ராத்தாவின் கையால் அவனும் சோறு தின்றவன்.

ராத்தா கட்டிலில் சாய்ந்திருந்தார். எந்த விமானம் என்று கேட்டார். அவன் சொன்னான்.

"அதா? அது வேணாம்" என்றார். "தம்பிதானே சொன்ன, கலிமாவச் சொல்லிக்கொண்டு ஏறுங்க எண்டு. எனக்கு இரிக்கிறது ஒரு புள்ள."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவனும் என்னைப் பார்த்தான். ராத்தா, அது நான் எரிச்சலில் அளந்த கதை, அந்தப் பிளேனில் ஒன்றுமில்லை என்று ஒரு வரி சொன்னால் முடிந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. தனியாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் முன்னால் சொல்ல முடியவில்லை.

"வேற பிளேன் போடுறன் ராத்தா. அர நாள்தான் கூட" என்றேன்.

அவன் ராத்தாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். நான் சொன்னதைக் கேட்டு ராத்தாவின் முகம் தெளிந்தது. போனை எடுத்து வாய்க்குக் கிட்டப் பிடித்து மகனுக்கு ஏதோ சொல்லி அனுப்பினார். நான் முற்றத்தில் நின்றபடி என் கம்பனியில் டிக்கட் போட்டேன்.

மறுநாளைக்கு மறுநாள், விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து கலைகிற நேரம் ராத்தா மௌத்தானார். மருமகன் அப்போது இடைவழி விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தான். அங்கே வைத்துத்தான் போனில் அவனுக்குச் செய்தி சொன்னோம்.

பகல் பத்து மணிக்கு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவன் மருமகனின் ரூம்காரன், கண்டக்குழிப் பையன். எதிர்க்கடைக்காரன் சொன்ன அதே விமானத்தில், சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கியிருந்தான். வீட்டுக்குப் போகிற வழியில், முந்திப் போய்ச் சேருவான் என்று, உம்மாவிடம் கொடுக்கச் சொல்லி மருமகன் கொடுத்த பொதியை இறக்க வந்தவன். ஒரு போர்வையும், கால் உளைவுக்கு ஒரு தைலமும். சனத்தைக் கண்டதும் விளங்கிக்கொண்டான். அந்தப் பொதியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்று, கடைசியில் என் கையில் தந்தான்.

"பிளேன் எப்பிடி?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் அதை ஏன் கேட்டேனோ தெரியாது.

"சோக்கா வந்த மாமா. எனக்குப் பக்கத்து சீட் காலியாத்தான் கெடந்த. நான் கால நீட்டிக்கொண்டு வந்த."

எங்களில் மையித்தை, உயிர் போன உடலை, நெடுநேரம் வைத்துக்கொண்டிருப்பதில்லை. மத்தியான லுஹருக்கு அடக்குவோம் என்றார் பள்ளிவாசல் தலைவர். மகன் வருகிறான், பின்னேர அஸர் வரைக்கும் பொறுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். பொறுத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மருமகன் போன் எடுத்தான்.

"மாமா, இன்னும் ஏத்தல்ல. பிளேன்ல ஏதோ டெக்னிக்கல் கோளாறாம். எஞ்ஜினத் தொறந்து பாக்குறாங்களாம்."

என் கம்பனியின் பழைய விமானம்.  அவனே பிறகு சொன்னான்:

"எனக்காக உம்மாவ வெச்சிக்கொண்டு இரிக்க வேணாம் மாமா. அடக்குங்க."

பெண்ணின் மையித்தைக் கபுறுக் குழியில் இறக்க அவருக்கு உரித்தான ஆண்கள்தான் இறங்கவேண்டும். முதலில் மகன். மகன் இல்லாததால் நான் இறங்கினேன். மேலே துணி பிடித்திருந்தார்கள், உள்ளே வெளிச்சம் குறைவு. அந்தப் பக்கத்து மண்ணெல்லாம் வெறும் மணல், தோளில் கொட்டிக்கொண்டே இருந்தது. ராத்தாவை வலப்பக்கமாகச் சாய்த்து வைத்து, தலைமாட்டில் கபன் துணியின் முடிச்சை அவிழ்த்தேன். இது அவன் அவிழ்க்கவேண்டிய முடிச்சு என்று நினைத்துக்கொண்டே அவிழ்த்தேன். அங்கே வைத்தாவது ராத்தாவிடம் அந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம். மேலே எதிர்க்கடைக்காரன் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போதும் நான் சொல்லவில்லை.

மருமகன் மறுநாள் விடிந்த பிறகுதான் வந்தான். வீட்டுக்குப் போகாமல் நேரே உம்மாவை அடக்கிய மையவாடிக்குப் போனான். பையில் விமான நிலையத்துக் கடதாசி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. துஆ ஓதி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"உம்மாட மொகம் எப்பிடி இருந்த மாமா?"

"தூங்குறாப்போல இருந்த மகன்" என்றேன். அவன் அழுதான். நானும் அழுதேன். சுற்றி நின்றவர்கள் ராத்தாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, பெண்கள் உள்ளே யாசீன் ஓதிக்கொண்டிருந்தபோது, அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை நீட்டினான். அன்று மாலை ராத்தா அனுப்பிய குரல். மூச்சு வாங்க வாங்கப் பேசியிருந்தார்.

"மகன், அந்தப் புதுப் பிளேன்ல வராதீங்க. கொஞ்ச நேரம் பிந்தினாலும் பரவால்ல. மாமா வேற போடுறாரு. மாமாக்கு இதெல்லாம் தெரியும். மாமா சொல்றதக் கேளுங்க."

"கடைசியா எனக்கு அனுப்பினது இதுதான் மாமா" என்றான். "நீங்க ஒண்டும் யோசிக்காதீங்க. என்ட நல்லதுக்குத்தானே சொன்னீங்க."

என்னை ஆறுதல்படுத்தத்தான் அதைப் போட்டுக் காட்டினான். அதற்குப் பதிலாக அவன் என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம், எனக்கு அது லேசாக இருந்திருக்கும்.

லீவு முடியும் தறுவாயில் திரும்பிப் போக டிக்கட் போட என் கடைக்கு வந்தான். கதிரையில் உட்கார்ந்தவனுக்குத் தேத்தண்ணி எடுப்பித்தேன். குடித்து முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்தேன்.

"மகன், எதிர்க்கடப் பிளேன்ல போங்க. அது நேராப் போகும்."

"அந்தப் பிளேனா மாமா?" என்றான். லேசாகச் சிரித்தான். "கலிமாவச் சொல்லிக்கொண்டு ஏறவா?"

"அதுல ஒண்டுமில்ல மகன். அண்டைக்கும் ஒண்டும் இருக்கல்ல."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எடுத்துவிட மறந்துபோனவனாக உட்கார்ந்திருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரில் வந்ததை, நான் சொல்லாமல் விட்ட வரியை, கட்டிலடியில் வாய் வரைக்கும் வந்து நின்றதை. சொல்லும்போது அவனைப் பார்க்க முடியவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணாடியில் இருந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவன் பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"இது உம்மாக்குத் தெரியுமா?"

"இல்ல மகன்."

"நல்லம்" என்றான்.

எழுந்து, கதிரையை மேசைக்குக் கிட்டத் தள்ளி வைத்துவிட்டு, ரோட்டைக் கடந்து போனான். அங்கே உட்கார்ந்து டிக்கட் போடுவதை நான் இங்கிருந்து பார்த்தேன்.

அவன் போய்ச் சேர்ந்த காலையில் என் போனுக்கு ஒன்றும் வரவில்லை. கடை திறந்து கொஞ்ச நேரத்தில் எதிர்க்கடைக்காரன் வந்தான். இந்த முறையும் வாசலில்தான் நின்றான்.

"போய் எறங்கிட்டானாம் மச்சான்" என்றான். "எனக்கும் சொல்லச் சொன்னானா?" என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மருமகனின் சுகசெய்தியெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்துதான் எனக்கு வருகிறது.