இஸ்திரி போட்ட வீட்டுப்பாடம்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சலவைக்கூடம் இருந்தது. ஒரே நாளில் அங்கே வந்து குவியும் விரிப்புகளை ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டால் நிலாவுக்குப் போய்த் திரும்பிவிடலாம். திரும்பிய பிறகும் மேசை துடைக்கக் கொஞ்சம் மிச்சமிருக்கும். அந்தக் கூடத்தைப் பதினெட்டு வருடமாக ஒருத்தி ஆண்டுவந்தாள். எல்லோரும் அவளை பாய்லர் அக்கா என்பார்கள். நீராவிக் கொதிகலனைப் பார்த்துக்கொள்வதால் வந்த பெயர் என்று அவள் சொல்வாள். கோபம் வந்தால் அவள் இரண்டு காதிலும் ஆவி பறக்கும், அதனால் வந்தது என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். இரண்டுமே பொய்யில்லை.

சலவைக்கூடத்துக்கு இரண்டு வாசல். அழுக்குத் துணி ஒரு வாசலில் வரும், வெளுத்த துணி மறு வாசலில் போகும். நடுவில் சுவர். போனது திரும்பாது, வந்தது குறுக்கே பாயாது. மெஷினுக்குள் எதைப் போட்டாலும் முதலில் பாக்கெட்டில் கை விட்டுப் பார்க்க வேண்டும் என்பது அங்கே முதல் விதி. அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. டாக்டர்களின் கோட்டுப் பாக்கெட்டிலிருந்து இரண்டு பல்செட்டு, ஒரு மோதிரம், பாதி எழுதிய ராஜினாமா கடிதம் எல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஒருமுறை உயிருள்ள ஆமைக்குட்டியே வந்ததாம். வெளியே எடுத்ததும் அது சாவகாசமாகக் கொட்டாவி விட்டதாம்.

கொள்ளைநோய் வந்து ஊர் கதவைச் சாத்திக்கொண்டபோது, அவள் தன் வீட்டையும் சலவைக்கூடமாக்கிவிட்டாள். இரண்டே அறை. நடுவில் தரையில் சிவப்பு டேப் ஒட்டினாள். முன்னறை அழுக்குப் பக்கம், அவளுக்கு. உள்ளறை சுத்தப் பக்கம், புருஷனுக்கும் மகளுக்கும். வேலை முடிந்து வந்ததும் உடுப்பு நேராகக் கொதிக்கும் சோடாத் தண்ணீர் வாளிக்குள் போகும். அதற்குப் பிறகுதான் குளியல், பேச்சு, சாப்பாடு எல்லாம். சாப்பாட்டுத் தட்டைப் புருஷன் துடைப்பக் கட்டையால் கோட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளிவிடுவார்.

அவர் சினிமாத் தியேட்டரில் டார்ச் அடித்து இருக்கை காட்டுகிறவர். தியேட்டரைப் பூட்டிவிட்டதால் வீட்டில் சமையல் அவர் பொறுப்பு.

"என்னங்க இது, குழம்பா பசையா?" என்பாள் கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து.

"போஸ்டர் ஒட்டிப் பழகின கைம்மா. கொஞ்சம் கெட்டியாத்தான் வரும்."

மகள் பத்தாம் வகுப்பு. எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று குறுக்கு விசாரணை செய்வதால் வீட்டில் அவள் பெயர் வக்கீல். அந்த வருடம் அவளுடைய பள்ளிக்கூடம் ஒரு சாண் அகலம். சுத்தப் பக்கத்தில் குக்கர் மேல் சாய்த்து வைத்த போன். வீட்டில் படம் தெரிகிற போன் அது ஒன்றுதான். அதில் கட்டம் கட்டமாக முகங்கள். எல்லோர் வாயையும் பூட்டி வைத்துவிட்டு ஆசிரியர் மட்டும் பேசுவார். வக்கீலுக்கு அதுதான் பெரிய தண்டனை. ஏன் என்று கேட்க வாய் திறப்பாள், சத்தம் போகாது. கண்ணாடித் தொட்டி மீன் மாதிரி வாயை மூடிக்கொள்வாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த நாளில்தான் ஒரு சனிக்கிழமை வந்தது. மகளுக்கு வகுப்பில்லை. வேலை நேரம் மாறினாலும் மாறும், கூப்பிட்டால் கிடைக்க வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அதனால் பாய்லர் அக்கா அன்றைக்குப் போனைக் கையோடு எடுத்துப் போனாள். மத்தியானம் களைத்துத் திரும்பினாள். உடுப்பைக் கழற்றினாள், வாளிக்குள் அமுக்கினாள், கட்டையால் ஒரு கிண்டு கிண்டினாள்.

டக் என்றது.

பதினெட்டு வருடமாக ஊராரின் பாக்கெட்டையெல்லாம் துழாவியவள், தன் பாக்கெட்டில் கை விட மறந்துபோனாள்.

எடுத்துத் துடைத்தாள். அரிசிப் பானைக்குள் புதைத்தாள். ஞாயிறு முழுக்க அரிசிக்குள் கிடந்த போன், கஞ்சி போட்ட காலர் மாதிரி விறைப்பாக வெளியே வந்தது. உயிர் மட்டும் வரவில்லை. பழுது பார்க்கிற கடை, புதுசு விற்கிற கடை எல்லாம் சாத்திக் கிடந்தன. அக்கம்பக்கத்தில் கேட்கலாமென்றால், ஆஸ்பத்திரிக்காரி தெருவில் நடந்தாலே ஜன்னல்கள் டப் டப்பென்று வரிசையாக மூடிக்கொள்ளும் காலம் அது. புருஷனிடமிருந்த பொத்தான் போனில் பேசத்தான் முடியும். யாரோடு பேசுவது? பள்ளிக்கூடத்து எண்களெல்லாம் வெந்துபோன போனுக்குள் இருந்தன.

வக்கீல் அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். எல்லாம் அப்பா வழியாகத்தான்.

"அப்பா, பத்து நாள் தொடர்ந்து கிளாஸ்ல முகம் காட்டலன்னா பேரை எடுத்துடுவாங்க. அடுத்த வருஷம் மறுபடி இதே வகுப்பு. பத்தாவது நாள் கணக்குப் பரீட்சை வேற. இதை அந்தப் பக்கம் இருக்கிறவங்ககிட்ட சொல்லிடுங்க."

"அந்தப் பக்கத்துக்குக் காது கேக்குது," என்றாள் பாய்லர் அக்கா. "உன் பேரை எவன் எடுக்கிறான்னு நான் பாக்கிறேன்."

"எப்படிப் பாப்பாங்களாம்? கேளுங்கப்பா."

"அதை நாளைக்குச் சொல்றேன்னு சொல்லுங்க," என்றாள். அவளுக்கும் தெரியாது.

ஆனால் ஒன்று தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில்தான் மகளின் வகுப்பாசிரியர் குடியிருந்தார். கணக்கு வாத்தியார். நிமிர்ந்தால் தொண்ணூறு டிகிரி, குனிந்தால் நாற்பத்தைந்து டிகிரி, நடுவில் நிற்கத் தெரியாது. பிள்ளைகள் வைத்த பெயர் கோணமானி. திங்கட்கிழமை விடிந்ததும் விடியாததுமாக அவள் அந்தப் பால்கனிக்குக் கீழே நின்று குரல் கொடுத்தாள். கோணமானி எட்டிப் பார்த்தார். மூன்றாம் மாடியில் தனி ஆளாக நின்றவர் இரண்டு மாஸ்க், அதற்கு மேல் ஒரு கண்ணாடிக் கவசம், கையுறை எல்லாம் போட்டிருந்தார். நிலாவுக்குப் போகும் அந்த விரிப்புக் கயிற்றில் ஏறத் தயாரானவர் மாதிரி இருந்தார்.

"யாரு?"

"வக்கீலோட அம்மா சார்."

"வக்கீலா? நான் கேஸ் எதுவும் போடலையே!"

"இல்ல சார், உங்க பத்தாம் வகுப்புப் பொண்ணு. எதுக்கெடுத்தாலும் ஏன்னு கேக்குமே."

"ஓ, அவளா!" என்றார். அப்புறம்தான் அவளுடைய உடுப்பைப் பார்த்தார். "நீங்க ஆஸ்பத்திரியா? அம்மா, தயவுசெஞ்சு தள்ளி நில்லுங்க."

"நீங்க மூணாவது மாடியில இருக்கீங்க சார். இதுக்கு மேல தள்ளி நிக்கணும்னா நான் பள்ளம்தான் தோண்டணும்."

விஷயத்தைச் சொன்னாள். போன் கிடைக்கிற வரைக்கும் பாடத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள் என்றாள். முடியாது என்று தலையை ஆட்டினார் கோணமானி. காகிதம் போய் வரும், அதோடு கிருமியும் போய் வரும். தனக்கு ஐம்பத்தேழு வயசு, மூச்சு வாங்குகிற உடம்பு என்றார். கதவு சாத்திக்கொண்டது.

செவ்வாய்க்கிழமையும் போய் நின்றாள். கதவு திறக்கவில்லை. ஒற்றைக் காலில் நிற்பது என்பார்களே, அது பேச்சுக்குத்தான். பாய்லர் அக்கா இரண்டு காலையும் ஊன்றி, வேலைக்கு நேரமாகும் வரை அப்படியே நின்றாள். புதன்கிழமை அவர் தாமாகவே வெளியே வந்தார். நேற்று முழுக்க யோசித்திருக்கிறார், பார்த்தாலே தெரிந்தது.

"ஒரு கேள்வி," என்றார். "உங்க கையில தினம் நோயாளிங்க துணி வருது. உங்களுக்கு ஏன் இன்னும் ஒண்ணும் ஆகலை?"

"பயப்படுறதுக்குப் பதிலா ஒழுங்கா இருக்கேன் சார். அழுக்குப் பக்கம் தொட்ட கை சுத்தப் பக்கம் தொடாது. நடுவுல சோப்பும் சூடும் இருக்கு."

"எத்தனை டிகிரி? எவ்வளவு நேரம்?"

"எழுபதுக்கு மேல, பத்து நிமிஷம். எங்க கூடத்துல அதுதான் கணக்கு. இஸ்திரிப்பெட்டி அதுக்கு ரெண்டு மடங்கு சுடும். நீங்க தர்ற தாளையும் இஸ்திரி போடுவேன், என் பொண்ணு எழுதின தாளையும் இஸ்திரி போட்டு, புதுக் கவர்ல போட்டு, சுத்தமான கையால கொண்டு வருவேன். அப்பவும் பயமா இருந்தா ஒரு நாள் வெயில்ல போட்டு வச்சிட்டுத் திருத்துங்க."

டிகிரி, நிமிடம், மடங்கு என்று கேட்டதும் கோணமானியின் முதுகு மெல்ல நாற்பத்தைந்துக்கு வளைந்தது. தன் பாஷையில் யாரோ பேசுகிறார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும். மறுநாள் காலை பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கியது. உள்ளே நான்கு தாள். கணக்கு மட்டுமல்ல, மற்ற ஆசிரியர்களிடம் போனில் கேட்டு எல்லாப் பாடமும் எழுதியிருந்தார்.

அந்தத் தாளை முன்னறையில் துண்டு விரித்து இஸ்திரி போட்டுக் கோட்டுக்கு அப்பால் தள்ளினாள். வக்கீல் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"சுடுது," என்றாள். அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை. புருஷன் துடைப்பக் கட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "அப்பாடா, தூது போற வேலை போச்சு. அதையும் பூட்டிட்டாங்க."

அப்புறம் நடந்ததை பாய்லர் அக்காவே எதிர்பார்க்கவில்லை. விடைத்தாளின் ஓரத்தில் வக்கீல், 'இந்த இடத்தில் ஏன் குறி மாறுகிறது?' என்று எழுதியிருந்தாள். மறுநாள் கூடையில் அரைப் பக்கத்துக்குப் பதில் வந்தது. அதற்கு அடுத்த நாள் மூன்று ஏன். இரண்டு பக்கப் பதில். அடுத்த வாரம் பாதி போவதற்குள் தாளின் ஓரங்கள் போதாமல் தனித்தாள் இணைத்துச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

"உங்க பொண்ணு என்னைத் தூங்க விடமாட்டேங்கிறா," என்று மேலேயிருந்து குறைப்பட்டுக்கொண்டார் கோணமானி. ஆனால் கண்ணாடிக் கவசத்தை அவர் எப்போது கழற்றினார் என்று யாரும் கவனிக்கவில்லை. "போன் வகுப்புல உங்க பொண்ணை விட்டுட்டு நாற்பத்திரண்டு பேர்ல பத்தொன்பது பேர்தான் வர்றாங்க. அதுலயும் யாரும் வாயைத் திறக்கிறதில்லை. நான் சுவரோட பேசுற மாதிரி இருக்கு."

"மீதி இருபத்துமூணு பேர் சார்?"

அவர் கூடைக் கயிற்றை இழுத்துச் சுருட்டினார். வேறொன்று சொன்னார். "வெள்ளிக்கிழமை பத்தாவது நாள். பாடம் நான் தந்துட்டேன், அவ எழுதிட்டா. ஆனா தலைமையாசிரியை ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. வீட்டுல யார் எழுதினாங்கன்னு எப்படித் தெரியும்னு கேக்கிறாங்க. பரீட்சையை என் கண்ணு முன்னாடி எழுதினா பேரை வச்சுக்கலாமாம். போன் இல்லாம எப்படி?"

பாய்லர் அக்காவின் காதில் ஆவி கிளம்பியது. பால்கனியை அண்ணாந்து பார்த்தாள். கீழே தெருவைப் பார்த்தாள். ஒரு காக்காய்கூட இல்லாத தெரு.

"உங்க கண்ணு எவ்வளவு தூரம் தெரியும் சார்?"

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, பால்கனிக்கு நேர் கீழே தெரு நடுவில் ஒரு மேசையும் நாற்காலியும் வந்து நின்றன. புருஷன்தான் தலையில் சுமந்து வந்தார். பழக்கதோஷத்தில், "நடு வரிசை, ஓரத்து சீட்டு," என்று மகளை உட்கார வைத்தார். கூடையில் வினாத்தாள் இறங்கியது. கோணமானி எங்கிருந்தோ ஒரு தொலைநோக்கியைத் தேடி எடுத்திருந்தார். அதன் வழியாக வக்கீலின் பேனா முனையிலிருக்கும் மை காய்வதைக்கூட அவரால் பார்க்க முடிந்தது என்பது புருஷன் பின்னால் சொன்ன கதை.

"தலையைத் திருப்பாதே! பேனா மட்டும் நகரட்டும்!"

சத்தம் கேட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இரண்டாம் மாடிக்காரர் பொறுக்கமாட்டாமல், "பாப்பா, நாலாவது கணக்குல..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க பேசினா உங்களையும் பரீட்சை எழுத வைப்பேன்!" என்றார் கோணமானி. ஜன்னல் கப்சிப்.

ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். "என்னம்மா இது, கூட்டம் கூடக்கூடாதுன்னு தெரியாதா?"

"ஒரு பொண்ணு, ஒரு மேசை. நானும் என் வீட்டுக்காரரும் பத்தடி தள்ளி நிக்கிறோம். அளந்து பாத்துக்குங்க. பரீட்சை முடிய அரை மணி நேரம் இருக்கு. அதுவரைக்கும் என்னைப் பிடிச்சுக்கிட்டுப் போறதுன்னா போங்க, மேசையைத் தொடாதீங்க."

அவள் கை கட்டிக்கொண்டு நின்ற தோரணையைப் பார்த்து அவர் சைக்கிள் மணியைக்கூட அடிக்காமல் உருட்டிக்கொண்டு போனார்.

ஏழரைக்கு விடைத்தாள் மேலே ஏறியது. பாய்லர் அக்கா அப்படியே வேலைக்கு நடந்தாள். அன்றைக்கு முழுக்க, வந்த துணியின் பாக்கெட்டையெல்லாம் இரண்டு இரண்டு தடவை துழாவினாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள்.

மறுநாள் விடிகாலை கூடை இறங்கியது. "பேரு பதிவேட்டுல இருக்கும்மா!" என்று மேலேயிருந்து கத்தினார் கோணமானி. "தலைமையாசிரியை கையெழுத்தே போட்டுட்டாங்க. மார்க்கைப் பாருங்க!"

ஐம்பதுக்கு முப்பத்துநான்கு. சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தது. அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். கண் கலங்குகிறாளோ என்று மேலேயிருந்து எட்டிப் பார்த்தார் வாத்தியார். அவள் நிமிர்ந்தாள்.

"மீதி பதினாறு மார்க் எங்க போச்சு சார்?"

"அது... ரெண்டு கணக்குல நடு வழியில தடுமாறிட்டா."

"அந்த ரெண்டு கணக்கையும் மறுபடி எழுதி அனுப்புங்க. போன் வர்ற வரைக்கும் நான் வருவேன்." இரண்டடி நடந்தவள் நின்று திரும்பினாள். "அந்த இருபத்துமூணு பேரோட விலாசத்தையும் கூடையில போடுங்க சார். எங்க வீட்டுல ஒருத்தர் சும்மாதான் இருக்கார். சைக்கிள் ஓட்டுவார்."