குழாயில் விழுந்த நெளிசல்

எங்கள் விவசாயக் கூலிகள் சங்க அலுவலகச் சுவரில் ஒரு தகரக் குழாய் தொங்குகிறது. மைக் செட்டுக்கு வழியில்லாத காலத்தில், வாயில் வைத்துக் கத்தி ஊரைக் கூட்டிய குழாய். அதன் அகன்ற ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெளிசல் உண்டு. போன மாதம், எங்கள் பழைய செயலாளரின் நினைவுக் கூட்டத்தில் இப்போதைய செயலாளர் அதை மேடையில் தூக்கிக் காட்டி, "போலீஸ் தடியடியில நெளிஞ்ச குழாய் இது" என்றார். பலத்த கைதட்டல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நெளிசல் விழுந்தபோது நான் பக்கத்திலேயே இருந்தவன்.

மன்னர் ஆண்ட சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கறம்பக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் கூலிக்காரர்களுக்கு அடி விழுந்தாலும் சரி, குத்தகை நிலம் பறிபோனாலும் சரி, முதலில் தேடுவது அந்தப் பழைய செயலாளரைத்தான். மனு எழுதுவது என் வேலை. நடப்பது, பேசுவது, கெஞ்சுவது, சண்டை போடுவது எல்லாம் அவர் வேலை. அதிர்ந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். குழந்தைகளைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். சூரியனுக்கு லீவு கொடுத்தாலும் தனக்குக் கொடுத்துக்கொள்ள மாட்டார் என்று நாங்கள் கேலி செய்வோம். கேலி என்ன, பெருமைதான். இன்னொருவர் தேய்வதைப் பார்த்துப் பெருமைப்பட்ட கூட்டம் நாங்கள்.

எங்கள் பக்கத்தில் அமாவாசை அன்று ஏர் பூட்டுவதில்லை. மாடுகளை அவிழ்த்து விட்டுவிடுவார்கள். வேலையாட்கள் கைக்குக் கிடைக்கும் நாள் அது ஒன்றுதான் என்பதால், கெட்டிக்காரர்களாகிய நாங்கள் சங்கக் கூட்டத்தை அமாவாசையில் வைத்துக்கொண்டோம். விடிந்ததிலிருந்து கீற்றுக் கொட்டகையில் ஆள் மாற்றி ஆள் வந்து முறையிடுவார்கள். செயலாளர் ஒருவர்தான் அத்தனையும் கேட்க வேண்டும்.

அப்படி ஓர் அமாவாசை. உச்சி வெயில். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தவர், வீட்டிலிருந்து வந்த தூக்குவாளியைத் திறந்து அப்போதுதான் ஒரு கவளம் பிசைந்தார். ஏர்க்காரர் ஒருவர் குனிந்து உள்ளே வந்தார். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து எங்களோடு இருப்பவர், செயலாளர் மேல் உயிரையே வைத்திருந்தவர்.

"அய்யா, பண்ணையில என்னய அடிச்சுப்புட்டாக" என்றார்.

செயலாளர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் கிடந்த குழாயை எடுத்தார். ஓங்கி ஏர்க்காரர் தலையிலேயே அடித்தார்.

அந்தத் தகரச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒருவரும் அசையவில்லை. காதோரம் வழிந்த ரத்தத்தைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் ஏர்க்காரர் நின்றார்.

"பண்ணையில அடிச்சாகன்னு ஒங்ககிட்ட வந்தேன். நீங்களும் அடிச்சா நான் எங்கிட்டுப் போவேன்?" என்றார்.

செயலாளர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். "யாரு அடிச்சா?" என்று கேட்டார். மெய்யாகவே கேட்டார். அடியைவிட அந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். பிறகு தன் கையிலிருந்த குழாயைப் பார்த்தார். சோறு ஒட்டிய விரல்களால் அதன் நெளிந்த ஓரத்தைத் தடவினார்.

தகவல் தெரிந்து அவர் மனைவி ஓடி வந்தார். நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர். அழுவார் என்று நினைத்தோம். கொட்டகை வாசலில் நின்று எங்களைப் பிடி பிடியென்று பிடித்தார்.

"ராவெல்லாம் கூரையப் பாத்துக்கிட்டே கெடக்காக. கேட்டா, ஊரே அடிவாங்குது, எனக்கென்ன தூக்கம்பாக. ஒங்கள்ல ஒருத்தராச்சும் சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களான்னு கேட்டிருக்கீங்களா? மாட்ட அவுத்து விட்ட அன்னிக்கித்தான் இவுகளப் பூட்டுறீங்க!"

அக்கா அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு திருமயம் பக்கத்தில் இருந்த தன் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். செயலாளர் பழைய மனிதராகத் திரும்புவாரா என்பதே சந்தேகமாக இருந்தது. அவரில்லாமல் சங்கம் படுத்துவிடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். படுக்கவில்லை. ஊர்களைப் பிரித்துக்கொண்டோம், முறை வைத்து நடந்தோம். அமாவாசை அன்று கொட்டகையைச் சாத்தினோம். இத்தனை சுலபமானதை ஏன் முன்பே செய்யவில்லை என்று நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

மழைக்காலம் முடிந்து அவர் வந்தார். முதலில் போனது ஏர்க்காரர் வீட்டுக்கு. நானும் உடன் போனேன். ஏர்க்காரர் வெகுநேரம் அவரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டுத்தான் "வாங்க" என்றார். மன்னித்தேன் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அடுத்த அமாவாசையன்று நான் செயலாளர் வீட்டுப் பக்கம் போனபோது, வாசல் படலை மறித்துக்கொண்டு ஏர்க்காரர் உட்கார்ந்திருந்தார். காதோரம் தழும்பு. முறையிட வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கி அய்யாவ அவுத்து விட்டாச்சு. நாளைக்கி வாங்க."

இதையெல்லாம் நினைத்தபடிதான் நினைவுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் இருந்த செயலாளருக்கு என் பேரன் வயது. கண்கள் சிவந்திருந்தன, குரல் கம்மியிருந்தது. குழாயை உயர்த்திப் பிடித்தபடி, "அவரு வழியிலதான் நானும் போறேன். நான் கண்ண மூடி நாலு நாளாச்சு!" என்றார். முன்னதைவிடப் பெரிய கைதட்டல். அன்றும் அமாவாசைதான்.

கைதட்டல் ஓய்வதற்குள் எழுந்து மேடைக்குப் போனேன். குழாயை அவர் கையிலிருந்து வாங்கினேன். நெளிசல் என் உள்ளங்கையில் அப்படியே பொருந்தியது.

"தம்பி, இது போலீஸ் அடிச்சதில்ல" என்றேன். "தூங்காத மனுசன் அடிச்சது."