வடக்கே தலைமாடு

கப்பலில் யார் எந்தக் கட்டிலில் படுப்பது என்ற ஒரே பிரச்சினையில் எங்கள் குடும்பம் இரண்டு நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. கூட்டிப்போன மாமாவுக்கு அது பெரிய மனவருத்தம். எனக்கு அப்போது பத்து வயது. வகுப்பில் தருகிற கணக்கு மாதிரி அதற்கும் ஒரு விடை இருக்கும், கண்டுபிடித்துச் சொன்னால் எல்லோரும் மெச்சுவார்கள் என்று நினைத்தேன். கண்டுபிடிக்கவும் செய்தேன்.

மாமா அம்மாவின் அண்ணை. கனடாவிலிருந்து மாமியோடும் மகளோடும் வந்திருந்தார். வந்த மூன்றாம் நாளே, கொழும்பில் ஏற்றி, தெற்கே நடுக்கடலுக்குக் கொண்டுபோய்க் காட்டி, திரும்பவும் கொழும்பிலேயே இறக்கிவிடும் ஓர் உல்லாசக் கப்பலில் எங்களுக்கும் இடம் எடுத்துவிட்டதாக அறிவித்தார். அடுத்தடுத்து இரண்டு கபின்கள். ஒன்று அவர்கள் மூவருக்கு, மற்றது அப்பா, அம்மா, நான். தெல்லிப்பழையில் நானும் அம்மாவும் மாமா பிடித்த வாடகை வானில் ஏறினோம். அப்பா கொடிகாமம் சந்தியில் ஒரு பையோடு நின்று ஏறினார்.

அப்பா ஏன் கொடிகாமத்தில் நின்றார் என்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், கட்டிய ஆம்பிளை பெட்டியோடு அங்கே வந்து சேர வேண்டியதுதான். வல்வெட்டித்துறைக்காரரான அப்பாவும் அப்படித்தான் தெல்லிப்பழைக்கு வந்தவர். எட்டு மாதத்துக்கு முன் அதே பெட்டியோடு வல்வெட்டித்துறைக்கே, தன் அக்கா வீட்டுக்கு, திரும்பிப் போயிருந்தார். அங்கிருந்து வருகிறவர் கொழும்பு வீதியைப் பிடிப்பது கொடிகாமத்தில்தான். கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா, "கடைக்குப் போக அவருக்கு அங்கையிருந்து வசதி" என்று சொன்னார். வள்ளங்களின் மெசின் திருத்தும் அப்பாவின் கடை வல்வெட்டித்துறையில்தான் இருந்தது. ஆனால் பத்து வருஷமாகத் தெல்லிப்பழையிலிருந்து மோட்டார் சைக்கிளில் அதே கடைக்குப் போய்வந்தவரும் அவர்தான். அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், முன்விறாந்தையில் இருப்பார், நான் கொண்டுபோய்க் கொடுக்கும் தேத்தண்ணியைக் குடிப்பார், போய்விடுவார். நான் வசதி என்பதை நம்பினேன். நம்பினாலும், மூன்றுபேரும் ஒரே அறையில் படுக்கப்போகிறோம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு ஆசை.

மாமாவின் யோசனையும் அதுதான். இரண்டு பேரையும் ஒரே அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினால் எல்லாம் தன்பாட்டில் சரிவரும் என்று மாமியிடம் சொல்லியிருக்கிறார். இதைப் பல வருஷம் கழித்து மாமாவின் மகள், என் மச்சாள்தான் எனக்குச் சொன்னாள்.

கப்பல் துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்ட பிறகுதான் எங்கள் கபினை ஒழுங்காகப் பார்த்தோம். நடுவில் ஒரு பெரிய கட்டில். அதன் மேல் துவாயை மடித்து யானை மாதிரிச் செய்து வைத்திருந்தார்கள். எனக்கு, சுவரோடு மடித்திருந்து கீழே இறக்கும் ஒரு மேல்கட்டில், ஏறுவதற்குச் சின்ன ஏணி. நான் யானையைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டேன். அம்மா கதவடியிலேயே நின்றார். அறையைக் கவனிக்கும் பணியாளர் வந்து, பெரிய கட்டில் உண்மையில் இரண்டு கட்டில்கள்தான், வேண்டுமென்றால் பிரித்துவிடலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"பிரிக்கலாமாம்" என்றார் அப்பா, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"என்னத்துக்குப் பிரிக்கிறது? நான் ஒண்டாத்தான் வேணுமெண்டு சொல்லி எடுத்தனான்" என்றார் மாமா. பணியாளரின் முதுகில் தட்டி அனுப்பியும் விட்டார்.

 அறை சின்னது, ஆட்கள் கூட, அசைந்தால் ஒருவரை ஒருவர் இடிக்கவேண்டும். அம்மா வட்டமான யன்னலைப் பார்த்தார். வெயில் நேராக அதனூடாக வந்து கட்டிலில் விழுந்திருந்தது.

"அண்ணை, சூரியன் உங்கையெல்லே இறங்குது. அப்பிடியெண்டால் கட்டிலின்ரை தலைமாடு வடக்கு. வடக்கை தலை வைச்சு நான் படுக்கமாட்டன்."

வடக்கே தலை வைக்கக்கூடாது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அதை மறுத்துப் பேச மாமாவுக்கும் துணிவில்லை. கனடாவில் தன் வீட்டுக் கட்டிலையே அதற்காகத் திருப்பிப் போட்டவர் அவர். ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், "தலகணியைத் தூக்கிக் கால்மாட்டிலை போடு, முடிஞ்சுது அலுவல்" என்றார்.

"தலைமாட்டிலை முருகன்ரை படம் வைச்சிட்டன். சாமிக்குக் காலை நீட்டுறதே?"

"படத்தை எடுத்து அங்காலை வை."

"வைச்சுக் கும்பிட்ட படத்தை உடனை எடுக்கிறேல்லை."

படத்தை அம்மா எப்போது வைத்தார் என்று நான் காணவில்லை. கதவடியை விட்டு அவர் அசைந்ததாகவும் எனக்கு நினைவில்லை. ஆனால் படம் இருந்தது.  அப்பா கடல்கரையில் பிறந்து வளர்ந்த மனிதர், அவருடைய அப்பப்பாவும் பூட்டனும் கப்பலோடிகள், அவராவது கப்பலில் என்ன வடக்கு என்று கேட்டிருக்கலாம். கழுத்துப் பட்டனைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக நின்றார்.

பக்கத்துக் கபினில் எல்லாம் எங்களுடையதற்கு எதிர்ப்பக்கமாக இருந்தது. அங்கே தலைமாடு தெற்கு. ஆகவே அம்மா மாமியோடும் மச்சாளோடும் அங்கே போனார். இடமில்லாமல் மாமா எங்கள் பக்கம் வந்தார். தங்கச்சிக்கும் மச்சானுக்குமாகக் கேட்டு எடுத்த பெரிய கட்டிலில், அவரே மச்சானோடு படுத்து எழும்பினார். போகும்போது அம்மா ஏணியில் ஏறி என் தலையணையை மட்டும் எடுத்து மறுதலைப்பில் வைத்து, "நீ இப்பிடிப் படு, பிள்ளை" என்றார். கட்டிலைத் திருப்பாமலே அலுவல் முடிந்தது. அது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் மாமா முட்டையைக் குத்திக் குத்திச் சாப்பிட்டார். மாமி அவருடைய குறட்டையிலிருந்து தப்பிய சந்தோஷத்தை மறைக்கப் பாடுபட்டார். மதியம் மாமா அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "ஒரு நாள் போனது போகட்டும். இண்டைக்கு நீ உன்ரை இடத்துக்குப் போறாய். ஊர்ச் சனத்துக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?" என்று அடிக்குரலில் கேட்டதை மச்சாளும் நானும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டோம். "வடக்கெண்டு சொன்னனானெல்லே" என்று மட்டும் அம்மா சொன்னார். குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.  இந்த நாசமாய்ப்போன வடக்கை என்ன செய்யலாம் என்று யோசித்தேன்.

அப்பாவின் போனில் சிக்னல் இல்லாததால் அது என் கையில்தான் இருந்தது. அதில் திசைகாட்டி வேலை செய்தது. பின்னேரம் கபினுக்குப் போனபோது, யன்னலால் வரவேண்டிய வெயிலைக் காணவில்லை. போனைக் கட்டிலில் வைத்துப் பார்த்தேன். தலைமாட்டுப் பக்கம் தெற்கு என்றது. பக்கத்துக் கபினுக்கு ஓடிப்போய் வைத்தேன். அம்மா படுத்த கட்டிலின் தலைமாடு வடக்கு. கப்பல் திரும்பிவிட்டது. இனி அம்மா அங்கே படுக்கவே முடியாது, எங்களிடம் வந்தே ஆகவேண்டும். 

எல்லோரும் தேத்தண்ணி மேசையில் இருந்தார்கள். நான் மூச்சிரைக்கப் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன், எந்தக் கட்டில் எந்தப் பக்கம் என்று கையைக் காட்டிச் சொன்னேன்.

மாமாவின் முகம் வெளித்தது. "கேட்டியே? உன்ரை பிள்ளையே சொல்லுறாள். இனி என்ன சாட்டு?"

 அம்மா கையிலிருந்த கரண்டியைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தார். அந்தப் பயணத்தில் அம்மா அப்பாவை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தரம். மாமாவும் அவரைத்தான் பார்த்தார், கடலைப் பற்றிய தீர்ப்பு அவரிடமிருந்துதான் வரவேண்டும் என்பதுபோல.

அப்பா போனை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினார். பிறகு என்னிடமே நீட்டினார்.

"இரும்புக் கப்பலுக்குள்ளை உது பிழையாத்தான் காட்டும், குஞ்சு. கப்பல் இன்னும் தெற்கைதான் போகுது."

"இல்லையப்பா, வெயில்..." என்று தொடங்கினேன். அந்த நேரம் வெயில் எங்களுக்கு எதிர்ப்பக்க யன்னலால் மேசையில் விழுந்துகொண்டிருந்தது. முதல்நாள் அதே மேசையில் அது மற்றப் பக்கத்தால் விழுந்தது. அப்பா எழுந்துபோனார். "கண் கூசுது" என்று சொல்லி அந்த யன்னலின் திரையை இழுத்து மூடிவிட்டு வந்து இருந்தார்.

மாமா மூடிய திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நீர் சொன்னால் சரிதான், மச்சான்" என்றார். அதற்குப் பிறகு அவர் கட்டிலைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

அம்மா கேத்தலை எடுத்து அப்பாவின் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினார், இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கி அவர் பக்கம் தள்ளி வைத்தார். எட்டு மாதத்தில் அம்மா தன் கையால் கொடுத்த முதல் தேத்தண்ணி. பிழையான திசை சொன்ன மனிதருக்கு உபசாரம் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக இருந்தாலும், கோபம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். கபினுக்குப் போய் அம்மாவின் தலையணையை அப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில், தெற்குப் பக்கமாக, சரியாக வைத்தேன். துவாய் யானையையும் அதன் மேல் வைத்தேன். அம்மா வந்தார், என் உச்சியில் கொஞ்சினார், முருகன் படத்தை எடுத்துக்கொண்டு மாமியின் கபினுக்கே போய்விட்டார்.

விடியக் கண்விழித்தபோது கொழும்பு தெரிந்தது. தெற்கே போய்க்கொண்டேயிருந்த கப்பல் எப்படிக் கொழும்புக்கு வந்தது என்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

வானில் வரும்போது நான் அப்பாவோடு கதைக்கவில்லை. அவர் வாங்கித்தந்த முறுக்கையும் பிரிக்கவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டார் என்ற ஆத்திரம் எனக்கு. கொடிகாமத்தில் வான் நின்றது. அப்பா பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"பாத்துப் போங்கோ" என்றார் அம்மா.

"ஓம்" என்றார் அப்பா. என் பக்கத்து யன்னலைத் தட்டினார். நான் திரும்பவில்லை. வான் வெளிக்கிட்டு, அவர் சந்தியில் பையோடு சின்னதாகிப்போகும்போதுதான் பார்த்தேன். வடக்கு எது தெற்கு எது என்று தெரியாத இந்த மனிதர் எப்படித் தனியே வல்வெட்டித்துறைக்குப் போய்ச் சேரப் போகிறார் என்று நினைத்தேன்.