பிளாக்ஸம் இரவல் வாங்கும் நாவல்

நனைந்த குடையை வாசலில் உதறிவிட்டு நேராக நாவல் அலமாரிக்குப் போவார் நார்மன் பிளாக்ஸம். அவர் எழுதிய புத்தகத்தை அவரே இரவல் வாங்க வேண்டும். வெகுநாள் யாரும் தொடாத புத்தகங்களை நூலகத்தில் நாங்கள் கழித்துவிடுவோம். அந்தப் பயம் அவருக்கு.

"இருக்கா இன்னும்?"

"நீங்க இருக்கிறவரைக்கும் அது எங்க சார் போகும்?"

இளவயதில் எழுதிய ஒரே நாவல். கதாநாயகன் அதில் தலையே காட்டமாட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கேட்கும் இருமல், பாத்திரச் சத்தம், வானொலி, இவற்றிலேயே அவன் வாழ்க்கை முழுவதும் வந்துவிடும். அன்று அதைக் கிறுக்குத்தனம் என்றார்கள் விமர்சகர்கள். இன்று இங்கிலாந்தில் அந்தக் கிறுக்குத்தனம் இல்லாத நாவலுக்குப் பரிசு கிடைப்பதில்லை. அவர் பாணியைக் கற்றவர்களின் புத்தகங்கள் எங்கள் கிரிம்ஸ்பி ஊர் நூலகத்தில் அலமாரிக்குத் திரும்புவதே அபூர்வம்.

ஜன்னலோர மேசைதான் அவருக்கு. சாப்பிடக் கூடாது என்ற பலகைக்குக் கீழேயே சீஸ் சாண்ட்விச்சை ஒளித்து ஒளித்துத் தின்பார். நான் பார்க்காதது போல இருந்துவிடுவேன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. "பக்கத்து வீடும் காலி. சுவர்ல காது வெச்சா ஒரு தும்மல்கூட கேக்காதுப்பா" என்பார் சிரித்தபடி. எனக்குச் சிரிப்பு வராது.

போன செவ்வாய் அலமாரியில் புத்தகம் இல்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"தூக்கிட்டீங்களா?"

"இல்ல சார். யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"எனக்காகப் பொய் சொல்லாதே."

அன்று அவர் மேசையை விட்டு அசையவில்லை. மாலையில், மீன் வறுவல் கடை நடத்தும் டோரீன் அம்மாள் வந்து அந்த நாவலை என்முன் தொப்பென்று போட்டார். அதை எழுதியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது.

"பரிசு வாங்குச்சே ஒரு பொண்ணு, அது எழுதினதை அப்படியே காப்பியடிச்சிருக்கான் இந்த ஆளு. அதே சுவரு, அதே இருமல்."

எனக்கு வாய் துறுதுறுத்தது. அச்சான வருடத்தைக் காட்டப் புத்தகத்தைப் பிரித்தேன். பிளாக்ஸம் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"எதுவரைக்கும் படிச்சீங்க?" என்று டோரீன் அம்மாளிடம் மெதுவாகக் கேட்டார்.

"கடைசிவரைக்கும்தான். ஒருநாள் அந்தப் பக்கம் சத்தமே நின்னுபோகுது பாருங்க, அங்க அழுதுட்டேன். அப்புறம் அந்த மனுஷன் என்ன ஆனான்னு சொல்லவே இல்ல, எழுதின பாவி."

பிளாக்ஸம் பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான நாற்காலியை டோரீன் அம்மாள் பக்கம் நகர்த்தினார்.