உவர்மண்ணில் எழுப்பிய பாத்தி

ஐயா, அம்மணி, வணக்கம். புதுவாயலுக்கு அருகே எங்களுக்கு அளிக்கப்பட்ட குடிசையின் வாசலைக் கடப்போர் சற்றே குரலைத் தாழ்த்திக்கொள்வதை, வந்த புதிதில் நான் மரியாதை என்றே எண்ணியிருந்தேன். பர்மாவிலிருந்து அனைத்தையும் இழந்து கப்பலேறி வந்தவர்களுக்கு ஊரார் காட்டும் இரக்கம் அது என நினைத்து, உள்ளூர நன்றியும் பாராட்டினேன். ஒரு நாள் காலை, பால்காரர் மிதிவண்டியை நிறுத்தி என்னை வினவியபோதுதான் உண்மை விளங்கிற்று.

"இன்னா நைனா, ஊட்டு வாசல்லயே ரெண்டு பேரப் பொதைச்சிக்கினு கீறியே, சுடுகாட்ல எடம் இல்லன்ட்டாங்களா?"

"அவை கறிகாய்ப் பாத்திகள், ஐயா" என்றேன்.

"பாத்தியா? பாத்தின்னா பள்ளமா இருக்கணும், தண்ணி நிக்கும். இது மேடு கட்டி மால போட வேண்டியதுதான் பாக்கி!" என்று சிரித்துக்கொண்டே அவர் பொன்னேரிச் சாலையில் போய்விட்டார்.

என் தந்தையார் பொன்னேரிப் பக்கத்தவர். நானோ ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் பிறந்தவன். அங்கே வானம் மாதக்கணக்கில் பொழியும். பள்ளத்தில் நட்ட செடி அழுகிவிடும். எனவே மூங்கில் தப்பைகளால் வரம்பு கட்டி, முழங்கால் உயரத்திற்கு மண்ணை எழுப்பித்தான் பயிரிடுவோம். அம்மண் புளித்த மண். அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டினால் புளிப்பு முறிந்து, கத்தரியும் வெண்டையும் கரும்பச்சையாய்த் தழைக்கும். இவ்வித்தையை எனக்குக் கற்பித்தவள் என் மனைவி மா சென். அவள் பர்மியப் பெண். எனக்காகத் தன் தாயையும் நாட்டையும் விட்டு, ஒரு சொல்லும் தமிழ் அறியாது உடன் வந்தவள்.

பர்மியர் வீடுகளில் உண்ணத் தொடங்குமுன் முதல் அகப்பைச் சோற்றையும் கறியையும் பெற்றோருக்கென எடுத்து வைப்பர். அவர்கள் தொலைவில் இருப்பினும் பங்கு வைக்கத் தவறுவதில்லை. மா சென் தன் தோட்டத்தில் பறித்ததையே நாள்தோறும் தாய்க்குச் சமைத்துக் கொடுத்து வந்தவள். இங்கு வந்தபின் அவள் கூறியது இதுவே: "கடையில் வாங்கியதை அம்மாவுக்கு எப்படி வைப்பேன்? என் கைபட்ட பாத்தியில் விளையட்டும். அதுவரை எனக்குக் கஞ்சி போதும்." நான் கெஞ்சினேன், சினந்தும் பார்த்தேன். அவள் அசையவில்லை. பொன்னேரி மருத்துவர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, "இரத்தம் இல்லை. கீரை, காய், மீன் கொடுங்கள். இப்படியே விட்டால் பிழைப்பது கடினம்" என்றார். அதை நான் பர்மிய மொழியில் சொன்னபோது அவள், "பாத்தி எப்போது காய்க்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

ஆதலால் அப்பாத்தியை அவளுடைய உயிர் என்றே கருதி உழைத்தோம். அரிசி ஆலையில் சாக்கு தைத்துவிட்டுத் திரும்புகையில் தவிடும் பதரும் சுமந்து வருவேன். சாணம், வைக்கோல், மீன் கழிவு ஆகியவற்றைக் குழியில் அடுக்கி மக்க வைத்தோம். புதுவாயல் கூட்டுரோட்டுத் தேநீர்க் கடைகளின் அடுப்புச் சாம்பலைக் கூடை கூடையாகக் கொணர்ந்தேன். அவள் மூச்சு வாங்க மண் சுமந்தாள். விதைத்தோம், முளைத்தது, இரண்டிலை விட்டதும் ஓரம் கருகிச் செத்தது. சாம்பல் போதவில்லை போலும் என்று எண்ணி மேலும் கொட்டினேன். மறுபடியும் விதைத்தோம். இம்முறை முளைக்கவே இல்லை. பாத்தியின் முகட்டில் மட்டும் வெண்மையாய் ஏதோ பூத்தது. எருவின் சத்து மேலெழுந்திருப்பதாக அவளிடம் கூறினேன். அவளது வளையல் அப்போது முழங்கைவரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுத்த வீட்டுக் கன்னியம்மா, கையில் முறத்துடன் வந்து நின்றாள். அவள் கணவர் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை செய்பவர்.

"நைனா, கோச்சிக்காத. இந்த வெள்ள மண்ணக் கொஞ்சம் சொரண்டிக்கினு போவட்டா? எங்க ஊட்டுக்காரரு சட்டையில எண்ணெக் கற, இன்னா சோப்பு போட்டாலும் போவல. துணி தொவைக்க இதான் ஒசத்தி சவுட்டு மண்ணு. ஏரிக்கரையில கூட இவ்ளோ ஜோரா பூக்காது!"

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. இம்மண் முன்பே உவர் நிலம். பள்ளத்தில் நீர் நின்றால் உவர் கீழிறங்கும். நான் அதை மேடாக்கி வெயிலுக்குக் காட்டி, உவரை மேலேற்றினேன். புளிப்பை முறிக்கும் சாம்பலைப் புளிப்பே இல்லாத மண்ணில் கொட்டி, என் மனைவியின் உயிருக்கென்று சவுக்காரத்தை விளைவித்திருந்தேன்.

கன்னியம்மா முறம் நிறையச் சுரண்டிப் போனாள். சற்று நேரத்தில் அதே முறத்தில் முளைக்கீரையும் நான்கு கத்தரிக்காயும் கொணர்ந்து மா சென்னின் முன் வைத்தாள். "சும்மா ஒண்ணும் வேணாம் யக்கா. மண்ணு குடுத்தல்ல, அதுக்கு இது. பொங்கித் துண்ணு. குச்சியாட்டம் கீற" என்று, மொழி புரியாதவள் என்பதையும் மறந்து அதட்டினாள்.

மா சென் என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்த்தேன். அவள் கீரையைக் கையில் எடுத்தாள். பின்னர், "மண் நான் சுமந்தது. அது போய் இது வந்தது. அப்படியானால் இது என் பாத்தியில் விளைந்ததுதானே?" என்று கேட்டாள். ஆம் என்றேன். அவள் சமைத்தாள். தாயின் பங்கைத் தட்டில் எடுத்துக் கிழக்கு நோக்கி வைத்து வணங்கினாள். அதன்பின் உண்டாள். அம்முதியவள் உயிருடன் இருக்கிறாளா என்பதை இன்றளவும் நாங்கள் அறியோம்.

மறுநாள் விடியலில் கூடையை எடுத்துக்கொண்டு கூட்டுரோட்டுக்குச் சென்றேன். மா சென் நாளையும் உண்ண வேண்டுமாயின், யாரேனும் மண் கேட்டு வர வேண்டும். அதற்கு எங்கள் பாத்தியில் எதுவும் முளைக்காது, அந்த வெள்ளை மண் மட்டும் பூத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நாட்டில் மண் பிழைக்கக் கொட்டிய சாம்பலை, இந்த நாட்டில் மண் பிழைத்துவிடாதிருக்கக் கொட்டி வருகிறேன். இதைப் படித்தவர்கள் எறிந்துவிடாமல் ஓரிடத்தில் வைத்திருக்க வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.