வாளி பார்க்கிற அனோஜா

சமையல்காரர்கள் சோற்றுக் கிடாரத்துக்குள் எட்டிப் பார்ப்பார்கள். அனோஜா எச்சில் வாளிக்குள் எட்டிப் பார்ப்பாள். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கல்யாணமோ சடங்கோ, அவளைச் சமையலுக்குப் பிடித்தால் இந்தக் காட்சி இலவசம். முதல் பந்தி எழுந்ததும் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, வாளிக்கு முன்னால் குந்திக் கரண்டிக் காம்பால் கிளறுவாள். "என்னா புள்ள, தோடு கீடு விழுந்திருச்சா?" என்று கேட்காத ஆள் கிடையாது.

நுவரெலியாவில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அங்கே ஒரு ஹோட்டலில் ஏழு வருடம், சாப்பிட்ட தட்டுகள் வந்து சேரும் ஜன்னலடியில் நின்றாள். சாப்பிட்டவர் முகம் தெரியாது, தட்டுதான் தெரியும். ஒரு கடி கடித்த கேக், தொடாத முட்டை, மலையாய்க் குவித்து மறந்துபோன சோறு. காலை பத்து மணிக்குள் மூன்று வாளி நிறைந்துவிடும். லீவில் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தால் அம்மா ஒரு ரொட்டியை நாலாகப் பிய்ப்பாள். இந்த ரெண்டும் ஒரே மலையில் நடப்பது அனோஜாவுக்குச் செரிக்கவே இல்லை. பிறகு சொந்தமாகச் சமையல் எடுத்தபோது ஒரு சட்டம் போட்டாள்: ஒரே மூச்சில் சோறாக்குவதில்லை. முதல் கிடாரம் இறங்கும். வாளி சொல்கிறபடிதான் ரெண்டாவது ஏறும்.

இதில் வயிறெரிந்த ஒரே ஆள் மாடு வளர்க்கிற செல்லசாமி. மிச்சம் அள்ள ரெண்டு டின்னோடு வந்து நிற்பார். "நீ சமைக்கிற வீடுன்னா எம்மாடு நோம்பு இருக்கு, தாயி."

கந்தப்பன் வீட்டுக் கல்யாணத்தில்தான் அந்தச் சட்டத்துக்கே சோதனை வந்தது.

கந்தப்பன் பழைய கங்காணி. ஆறு வருடத்துக்கு முன் மூத்த மகள் கல்யாணத்தில் மூன்றாம் பந்தியில் சோறு தீர்ந்துபோய், வந்தவர்களுக்கு பிஸ்கட்டும் பிளேன்டீயும் கொடுத்து அனுப்பினார். கொழுந்தெடுக்கும் வேலாயி அன்றைக்கே பேர் வைத்துவிட்டாள்: 'அரைச்சட்டி'. அதற்குப் பிறகு கடையில் பருப்பு வாங்கினாலும், "அரைச்சட்டிக்கு அரைக்கிலோவா?" என்றார்கள். இப்போது இளைய மகள் தனுஷிகா கல்யாணம். "புள்ள, எம்மானம் ஒங்கரண்டியில இருக்கு" என்று அவர் அனோஜாவிடம் ஏழு தரம் சொல்லியாயிற்று.

முந்நூறு பேர் என்று கணக்கு. கிடாரத்துக்கு இருநூறு. தோட்ட மண்டபத்தில் முதல் பந்திக்கு நூறு பேர் உட்கார்ந்தார்கள். எழுந்ததும் அனோஜா வாளிக்கு ஓடினாள்.

வாளி காலி. ஒரு பருக்கை கிடையாது.

திரும்பிக் கிடாரத்தைப் பார்த்தாள். முக்கால்வாசி போயிருந்தது. நூறு பேர் நூற்றைம்பது பேர் சோற்றைத் தின்றிருக்கிறார்கள். இப்படியே போனால் ரெண்டு கிடாரமும் முந்நூறு பேருக்குத் தாங்காது.

"என்ன தேடுற?" என்றார் செல்லசாமி. "பந்தியில பாத்தியா? எல்லாம் கெழடு கட்டையும் பள்ளிக்கூடத்துப் புள்ளைகளும். கொழுந்தெடுக்குற கை ஒண்ணுகூட இல்ல. எல்லாம் மலையில. இன்னிக்குக் கைக்காசு வேலையாச்சே?"

ஞாயிற்றுக்கிழமை! அன்றைக்குக் கொழுந்தெடுத்தால் அன்றைக்கே கையில் காசு. யார் விடுவார்கள்? அனோஜா கந்தப்பனைப் பிடித்தாள்.

"மாமா, இன்னிக்குக் கைக்காசுன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

கந்தப்பன் சால்வையைச் சரிசெய்தார். "நேத்து பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப, வேலைய மேய்க்கிற கண்டாக்கு சொன்னாரு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அரிசியக் கொறைப்பியே!"

அனோஜாவின் கண் மண்டபத்துக்குள், ரெண்டாம் பந்திக்கு உட்கார்ந்த முப்பது பேர் மேல் போயிருந்தது. மூலையில் ஒரு அம்மா. "கொஞ்சமாப் போடு தம்பி... ஐயோ, இவ்வளவு கொஞ்சமாவா?" பரிமாறுகிறவன் நகர்ந்ததும் தட்டிலிருந்த சோறு மடியிலிருந்த சிலிசிலி பிளாஸ்டிக் பைக்குள் போயிற்று. பக்கத்துப் பெரியவரின் கோட்டுப் பையும் புடைத்திருந்தது. மலைக்குப் போன பிள்ளைகளுக்கு.

"மாமா, சோறு வயித்துக்குப் போகல. வீட்டுக்குப் போகுது."

"போகட்டும்! நீ அடுத்தத ஏத்து."

"மலையில உள்ளவங்க பங்கு பையில போயிருச்சுன்னா, ஏத்துறது பூரா வாளிக்குத்தான்."

"பையில எடுத்தவனும் கொழுந்து நிறுவ முடிஞ்சு வருவான், வந்து திம்பான்! பத்த வையி புள்ள. மிஞ்சுனா மாடு திங்கட்டும்."

"அது நல்ல யோசன" என்றார் செல்லசாமி.

எத்தனை பைகள்? அதுதான் தெரியவேண்டும். கேட்டால் கேட்டவள் வாய் நாறும், எடுத்தவர் தலை குனியும். அனோஜா மைக்கை வாங்கினாள். "மலைக்குப் போனவங்களுக்கும், எந்திரிக்க முடியாதவங்களுக்கும் கல்யாண வீட்டுப் பார்சல் வாசல்ல இருக்கு. எல்லாரும் வாங்கிட்டுப் போங்க!"

கந்தப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "இருக்குறதையும் அள்ளி விடுறியே!"

அவள் வாசலில் நின்றாள். ஒரு கையில் பார்சல். மறு கை சட்டைப் பைக்குள், செபமாலையில். சும்மா கிடைக்கிற பார்சலை வேண்டாம் என்கிறவர் ஏற்கனவே எடுத்தவர், அவ்வளவுதான். ஆறு பிள்ளை பெற்ற அந்த மூலை அம்மா பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வேணாம் கண்ணு, வீட்டுல யாருமில்ல" என்றாள். செபமாலையில் ஒரு மணி நகர்ந்தது. கோட்டுப் பெரியவர், "எனக்கு சீனி வருத்தம், சோறு ஆகாது" என்றார். ஒரு மணி. செபமாலையில் தலை எண்ணியதற்கு மாதா கோவித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். ரெண்டு பந்தியும் கலைந்தபோது பார்சல் வாங்கியவர் பதினொன்று, வேண்டாமென்றவர் நாற்பத்து மூன்று. அதில் பாதிப் பைகள் ரெண்டு பேருக்கான கனம்.

இவ்வளவு பேர் வீட்டில் சோறு காத்திருக்கிறது. மழையில் நனைந்து, கொழுந்து நிறுத்து, களைத்துப் போனவள் மறுபடி சேலை மாற்றி இறங்கி வருவாளா? வரமாட்டாள் என்றது மனசு. வந்தால் என்றது வயிறு.

"தொண்ணூறு பேருக்குப் போடுங்க" என்றாள் அடுப்பில் நின்றவர்களிடம். மிச்ச அரிசி மூட்டை வாய் பிரிக்காமல் கிடந்தது. கந்தப்பன் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மணிக்கு மழைக்குள் கூட்டம் இறங்கியது. முன்னால் வேலாயி. கந்தப்பன் ஒவ்வொரு தலையாக எண்ணினார். ஐம்பது. எழுபது. கீழ்ப்பிரிவு வளைவில் இன்னும் ஒரு கூட்டம். எண்பத்தேழு. அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார், உதடு மட்டும் ஆடியது. அனோஜா கரண்டியைத் தானே வாங்கிப் பரிமாறினாள். மறுசோறு கேட்டவர்களுக்கு மறுக்கவில்லை. கிடாரம் சாய்ந்தது. அடியில் கரண்டி உரசும் சத்தம் அவள் பல்லில் கூசியது.

கடைசித் தட்டு வேலாயியுடையது. "இன்னொரு கரண்டி போடுவியா, இல்ல பிஸ்கட்டா?" என்றாள், மண்டபம் கேட்க.

அனோஜா சுரண்டினாள். ஒரு கரண்டி வந்தது. நிரம்பவே வந்தது. வேலாயி ரசம் ஊற்றிக் குழைத்தாள், மெல்லத் தின்றாள், ஏப்பம் விட்டாள். கந்தப்பன் மூச்சு விடாமல் நின்றார்.

"சோறு இருந்துச்சு. ஆனா இந்த அப்பளம் இருக்கே, மழையில நனைஞ்ச கம்பளி மாதிரி! என்னா அப்பளமய்யா இது?"

கந்தப்பன் கண் கலங்கிவிட்டது. "அப்பளம் சரியில்லதான் வேலாயி" என்றார், கும்பிடாத குறையாக. "நீ சொல்றது சரிதான்!"

கூட்டம் கலைந்ததும் அவர் நேரே வாளிக்குப் போய்க் குந்தினார். கறிவேப்பிலை, முருங்கைக்காய்ச் சக்கை, நாலு காய்ந்த மிளகாய், ஒரு குவியல் நமுத்த அப்பளம். செல்லசாமி டின்னைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போனார்.

"எல்லாரும் தின்னாச்சு" என்றார் கந்தப்பன். "நீயும் நானுந்தான் பட்டினி. கிடாரத்துல கருகல்கூட இல்லியே புள்ள."

அனோஜா அக்கம் பக்கம் பார்த்தாள். பிறகு அரிசி மூட்டைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சிலிசிலி பையை இழுத்தாள். ரெண்டு பார்சல்.

"முதல் கிடாரத்துலயே எடுத்து வச்சிட்டேன் மாமா. யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."